1978: விண்ணில் இரண்டு ரேடார்கள்



மேகமும் இருளும் ஒளிப்படக் கருவியின் கண்ணை மறைக்கும்; ரேடாரை மறைப்பதில்லை. ரேடார் தானே வானலையை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரலையைக் கொண்டு காட்சியை அறிகிறது. ஆனால், துணைக்கோளில் மின்சாரம் அருமையான பொருள். எதிரலையோ தொலைவின் நான்காம் அடுக்கிற்கேற்ப மெலிகிறது. தொலைவு 2 மடங்கானால் வலிமை 16-இல் 1 பங்கு. 3 மடங்கானால் 81-இல் 1 பங்கு. அடுக்கு எண்களைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

இக்கணக்கிற்குச் சோவியத் பொறியாளர்கள் கண்ட விடை, பூமியை நெருங்கிச் செல்வது. கடலில் போர்க்கப்பல்களைத் தேடிய அவர்களுடைய ரேடார்த் துணைக்கோள்கள் 300 கிலோமீட்டருக்கும் தாழ்வாகப் பறந்தன. அவ்வுயரத்தில் அகன்ற சூரியத் தகடுகளை விரித்தால் எஞ்சியிருக்கும் மெல்லிய காற்றே துணைக்கோளைக் கீழே இழுத்துவிடும். ஆகவே ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரம் தரும் அணு உலையை உள்ளே வைத்தனர். பணி முடிந்ததும் உலையை உயரமான பாதைக்கு ஏற்றிவிடுவது திட்டம். காஸ்மோஸ் 954 துணைக்கோளில் அது நடக்கவில்லை. 1978 ஜனவரி 24-ஆம் நாள் அது கனடாவின் வடமேற்குப் பனிநிலத்தில் சிதறி விழுந்தது. கதிரியக்கத் துண்டுகளைத் தேடி அகற்றிய செலவுக்காக 1981-இல் சோவியத் ஒன்றியம் 30 இலட்சம் கனடிய டாலர் செலுத்த நேர்ந்தது.

அதே 1978-இன் ஜூன் மாத இறுதியில் அமெரிக்கா கடலாய்வுக்காகச் சீசாட்டை ஏவியது. பறந்த உயரம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சூரியத் தகடுகளே போதுமாக இருந்தன. எப்படி?

அதன் ஆண்டெனா 10.74 மீட்டர் நீளமும் 2.16 மீட்டர் அகலமும் கொண்டது. மடித்து அனுப்பி, விண்ணில் விரித்தார்கள். அலைநீளம் 23.5 சென்டிமீட்டர். இவ்வளவு நீள ஆண்டெனாவின் கற்றைகூடத் தரையைத் தொடும்போது 18 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்துவிடும். வெறுங்கற்றையை நம்பியிருந்தால் ஒரு நகரம் முழுவதும் ஒற்றைப் புள்ளியாகியிருக்கும். அங்கேதான் 1951-இல் கார்ல் வைலி என்னும் அமெரிக்கப் பொறியாளர் கண்ட வழி கைகொடுத்தது. துணைக்கோள் நகர நகரப் பெறும் எதிரலைகளைச் சேமித்து ஒன்றிணைத்தால், பல கிலோமீட்டர் நீளமுள்ள ஆண்டெனாவைப் பெற்றதற்குச் சமம். சீசாட் 25 மீட்டர் நுண்மையில் படம் தந்தது. உச்சத்தில் 1000 வாட் அனுப்பினாலும், துடிப்புகள் மிகக் குறுகியவை. சராசரி 50 வாட்டை ஒட்டியதே. பழைய குண்டு விளக்கு ஒன்றின் அளவு!

இம்முறையில் ஆண்டெனா குறுகக் குறுகப் படம் கூர்மையாகும் என்பது விந்தை. அதன் நீளத்தில் பாதிதான் நுண்மையின் எல்லை. பின் ஏன் 10 மீட்டர்? குறுகிய ஆண்டெனாவுக்குத் துடிப்புகளை மேலும் அடிக்கடி அனுப்ப வேண்டும். அப்போது ஒரு துடிப்பின் எதிரலை வந்து முடியுமுன் அடுத்ததன் எதிரலை அதனோடு கலந்துவிடும். சிறிய பரப்பு வாங்கும் ஆற்றலும் குறைவு. அதை ஈடுசெய்ய மின்சாரத்தைக் கூட்ட வேண்டும். நீளம், உயரம், துடிப்பு, மின்சாரம் ஆகிய நான்கில் ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும்.

சீசாட்டுக்கும் முடிவு மின்சாரத்தால்தான் வந்தது. 105 நாள்களில், 1978 அக்டோபர் 10-ஆம் நாள், சூரியத் தகடுகளின் மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் சுழல் இணைப்பில் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் துணைக்கோள் அடங்கிப்போனது. அதற்குள் ரேடார் பதிவுசெய்தது மொத்தம் 42 மணி நேரமே.