வயிறு நிறைந்தால் போதுமா? வளரிளம் பிள்ளைகளின் உணவு

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பது புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியின்போதே, 1930இல், இங்கே மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் வயிறு நிறைவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு.

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஆண்பிள்ளைகளில் இது 31.1 சதவீதம். முந்தைய ஆய்வில் பெண்களின் அளவு 54.1 சதவீதமாக இருந்தது. அதாவது, நிலைமை மோசமாகியிருக்கிறது.

வளரும் வயதில் உடலின் இரத்த அளவு கூடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயும் தொடங்குகிறது. எனவே 13-15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், ஆணுக்கு 22 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (2020).

கிராமத்து வீடுகளில் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் மீண்டும் சோறு. மூன்றும் அரிசிதான். 100 கிராம் தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. கம்பில் சுமார் 6 மில்லிகிராம் உண்டு.

உணவின் பன்மையை அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, 15 முதல் 49 வயதுப் பெண்களுக்காக உணவை 10 வகைகளாகப் பிரிக்கிறது: தானியமும் கிழங்கும், பருப்பு, கொட்டைகளும் விதைகளும், பால், இறைச்சியும் மீனும், முட்டை, கீரை, வைட்டமின் ஏ மிகுந்த காய்கனிகள், பிற காய்கள், பிற பழங்கள். ஒரு நாளில் குறைந்தது 5 வகையாவது சாப்பிட்டிருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. கொல்லையிலுள்ள முருங்கைக்கீரை, ஒரு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, நம் கடற்கரையில் கிடைக்கும் மத்தி, ஒரு கொய்யா ஆகியவற்றைச் சோற்றுடன் சேர்த்தால் 6 வகை ஆகிவிடும். கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும்.

பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும் பிள்ளைகள் தவறாமல் எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். சோர்வு, மூச்சிரைப்பு, வெளுத்த முகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஆணத்தில் இருக்கும் கறித்துண்டையும் மீனையும் பரிமாறும்போது மகளின் தட்டுக்கு மிச்சம்தான் வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுபவர்களில் அவளும் ஒருத்தி.