மூட்டழற்சி பற்றிய இணையத் தகவல்களின் தரமதிப்பீடு

மூட்டழற்சி பற்றிய இணையத் தகவல்களின் தரமதிப்பீடு என்பது, மூட்டழற்சி நோய்களைக் குறித்து இணையத்தில் கிடைக்கும் தகவல்கள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதை வரையறுத்த அளவுகோல்களைக் கொண்டு ஆராய்வதாகும். மூட்டழற்சியில் வலி கூடியும் குறைந்தும் வரும். வலி தானாகத் தணியும் நாட்களில், அப்போது உட்கொண்ட எந்தப் பொருளும் பயன் தந்ததாகத் தோன்றக்கூடும். ஆகவே தனிமனிதரின் பட்டறிவு மட்டும் இந்நோய்க்குப் போதிய சான்றாகாது.

தேவை

மூட்டழற்சி ஒரே நோயன்று. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. மூட்டுத் தேய்வு நோயில் குருத்தெலும்பு சிதைவடைகிறது. முடக்கு வாதத்தில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் மூட்டுகளையே தாக்குகிறது. கவுட் நோயில் யூரிக் அமில உப்பின் படிகங்கள் மூட்டுகளில் படிகின்றன. தமிழில் 'கீல்வாதம்' என்ற சொல் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களைக் குறிக்க வழங்குவதால், ஒரு பக்கம் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தவறான தகவலின் விளைவு கடுமையாக இருக்கலாம். முடக்கு வாதத்திற்கு உரிய மருத்துவத்தைத் தாமதப்படுத்தினால் மூட்டுகள் மீளாத சேதம் அடையக்கூடும். அந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்து வாரம் ஒரு முறை உட்கொள்ளப்படுவது. அதைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அளவுகோல்கள்

* அமெரிக்க மருத்துவச் சங்க இதழின் அளவுகோல்கள்: 1997ஆம் ஆண்டு வெளியிடப்பட்டவை. எழுதியவர் யார், தகவலின் மூலம் எது, பக்கத்தின் உரிமையாளரும் நிதி ஆதரவாளரும் யாவர், எப்போது எழுதப்பட்டது அல்லது இற்றைப்படுத்தப்பட்டது ஆகிய நான்கும் தெரிவிக்கப்பட வேண்டும்.
* ஹான் குறியீடு: ஜெனீவாவைச் சேர்ந்த ஹெல்த் ஆன் த நெட் அறக்கட்டளை உருவாக்கிய எட்டு நெறிகளின் தொகுப்பு. இவ்வமைப்பு 2022இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. எனவே பழைய பக்கங்களில் காணப்படும் இதன் முத்திரை தற்போதைய தரத்திற்குச் சான்றாகாது.
* டிசர்ன்: 1999இல் ஐக்கிய இராச்சியத்தில் உருவான, 16 வினாக்கள் கொண்ட வினாநிரல். ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படும். சிகிச்சையின் நன்மை, தீமை, மாற்று வழிகள், சிகிச்சை பெறாவிடில் நேர்வது ஆகியவை கூறப்பட்டுள்ளனவா என்று இது வினவுகிறது.

எடுத்துக்காட்டுகள்

மூட்டழற்சி வலிக்கு வழங்கப்பட்டு வந்த ரோஃபெகாக்சிப் (வணிகப்பெயர்: வையாக்ஸ்) என்னும் மருந்தை, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் இடர் கூடுவது தெரியவந்ததால் மெர்க் நிறுவனம் 2004 செப்டம்பர் 30 அன்று திரும்பப் பெற்றது. அதற்கு முன் எழுதப்பட்டு, பின்னர் திருத்தப்படாத பக்கம், ஆசிரியர் பெயரும் மேற்கோள்களும் கொண்டிருந்தாலும் இன்று பயன்படாது.

குளுக்கோசமைன், காண்டிராய்ட்டின் ஆகியவற்றை முழங்கால் மூட்டுத் தேய்வு நோயாளர் 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. நோயாளர் அனைவரையும் சேர்த்து நோக்கியபோது, இவை வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் வலியைக் குறைக்கவில்லை. மிகுந்த வலியுடைய ஒரு சிறு உட்பிரிவினருக்கு மட்டும் இரண்டும் சேர்ந்த கலவை பயன் தந்திருக்கலாம் எனத் தோன்றியது. இந்த உட்பிரிவின் முடிவை மட்டும் எடுத்துக்காட்டும் விற்பனைப் பக்கம், பொய் கூறாமலேயே வாசகரைத் திசைதிருப்பிவிடும்.

வரம்புகள்

இவ்வளவுகோல்கள் பெரும்பாலும் தகவல் முன்வைக்கப்படும் முறையையே அளக்கின்றன. கூற்று உண்மையா என்பதை அவை நேரடியாகச் சோதிப்பதில்லை. உயர்ந்த மதிப்பெண் பெற்ற பக்கத்திலும் பிழை இருக்கலாம். ஆசிரியர் பெயரில்லாத பக்கத்திலும் சரியான செய்தி இருக்கலாம். ஆகவே இவற்றை ஐயத்திற்குரிய பக்கங்களை விலக்கும் முதற்கட்டச் சல்லடையாகக் கொள்வதே பொருத்தமாகும். எஞ்சியவற்றை மருத்துவ அமைப்புகளின் அண்மைய சிகிச்சை வழிகாட்டல்களோடு ஒப்பிட வேண்டும். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது ஆகியவற்றை மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.