ராக் இசை: பொன்னான ஆண்டும் பொல்லாத ஆண்டும்

சரித்திரம் எழுதுவோர்க்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கலை வளர்ந்த காலத்தை ஆண்டாண்டாகக் கூறுபடுத்தி, இது பொற்காலம், அது இருண்ட காலம் என முத்திரையிட்டு வைப்பர். மேனாட்டு ராக் இசையின் 1960 முதல் 1969 வரையிலான பத்தாண்டுகளும் இம்முத்திரைக்குத் தப்பவில்லை. 1960 முதல் 1962 வரை வறட்சி, 1965 முதல் 1967 வரை வளம் என்பது பலர் ஒப்பிய தீர்ப்பு. இத்தீர்ப்பு நேர்மையானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராக் இசையாவது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டும், தென்பகுதி வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டும் கலந்து 1950-க்குப் பின் எழுந்ததாகும். தென் மாநிலங்களில் நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த அந்நாட்டில், இரு நிறத்து இளைஞரையும் ஒரே தாளத்துக்கு ஆடவைத்தது அதன் பெருமை.

முதலில் வறட்சியைக் காண்போம். லிட்டில் ரிச்சர்ட் 1957-ல் இவ்விசையைத் துறந்து மதப்பணிக்குப் போனார். எல்விஸ் பிரெஸ்லி 1958-ல் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டார். 1959 பிப்ரவரி 3-ல் பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ் உள்ளிட்ட மூன்று பாடகர்கள் ஒரே விமான விபத்தில் மாண்டனர். 1960-ல் எடி காக்ரன் இங்கிலாந்தில் மோட்டார் விபத்தில் இறந்தார். சக் பெர்ரி 1962-ல் சிறை புகுந்தார். இசைத்தட்டுகளை வானொலியில் ஒலிபரப்ப அறிவிப்பாளர்கள் கைக்கூலி பெற்ற ஊழலும் 1960-ல் விசாரணைக்கு வந்தது. காலியான மேடையை, கம்பெனிகள் தேடிப்பிடித்த அழகிய முகங்கள் நிரப்பின. விற்பனைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் இவ்வாண்டுகளைப் பொல்லாதவை என்பதில் வியப்பில்லை.

நிற்க. பட்டியலுக்கு வெளியே நடந்தது என்ன? பெரி கோர்டி என்னும் கறுப்பர் 1959-ல் டெட்ராய்ட் நகரில், குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார். மோட்டவுன் என உலகறிந்தது அதுவே. 1960 முதல் லிவர்பூல் இளைஞரான பீட்டில்ஸ் குழுவினர், ஹாம்பர்க் நகரத்து மதுவிடுதிகளில் இரவெல்லாம் பாடித் தேர்ச்சி பெற்றனர். 1962 தொடக்கத்தில் டெக்கா கம்பெனி அவர்களை வேண்டாமென்று தள்ளியது. அவ்வாண்டு ஜூலையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு லண்டனில் முதன்முதல் மேடையேறியது.

அக்குழுவின் பெயர் வந்த வரலாறு, தோட்டத்து மக்களாகிய நாம் அறியத்தக்கது. மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினப் பாடகர் 1950-ல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து எடுத்த பெயர் அது. அவரோ மிசிசிப்பி மாநிலத்து ஸ்டோவால் பருத்தித் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர், டிராக்டர் ஓட்டியவர். 1941-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் வந்த ஆலன் லோமாக்ஸ், அவர் பாட்டைத் தோட்டத்திலேயே பதிவு செய்தார். தம் குரலை இசைத்தட்டில் கேட்ட பின்னரே, தாமும் ஒரு பாடகர் என்னும் துணிவு அவருக்குப் பிறந்தது. 1943-ல், மணிக்கு 22½ சென்டாக இருந்த கூலியை 25 சென்டாக உயர்த்துமாறு கேட்டார். மேற்பார்வையாளர் மறுத்தார். மடி வாட்டர்ஸ் சிக்காகோவுக்கு ரயிலேறிவிட்டார். இரண்டரை சென்டை மிச்சம் பிடித்த தோட்டம் ஒரு மகா கலைஞரை இழந்தது.

இனி வளத்தைக் காண்போம். 1964 பிப்ரவரி 9-ல் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, ஏறக்குறைய 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தனர். 1965-ல் பாப் டிலன் நியூபோர்ட் விழாவில் மின்கிதாருடன் ஏறி, பழமை விரும்பிகளின் கூச்சலுக்கு ஆளானார். பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டுமென்ற வழக்கத்தை, ஆறு நிமிடப் பாட்டால் உடைத்தார். 1967 ஜூனில் மான்டரே விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிதாரும் ரவிசங்கரின் சிதாரும் ஒரே மேடையில் முழங்கின.

இவற்றுள் ஒன்றைத் தேர்க என்றால் 1965-ஐயே யான் தேர்வேன். அவ்வாண்டு மே மாதம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தனர். ஹௌலின் உல்ஃப் என்னும் கறுப்பினப் பாடகரையும் அதே நிகழ்ச்சியில் பாடவைக்க வேண்டுமென்று அவர்கள் வற்புறுத்தினர். மிசிசிப்பியில் பிறந்து வயலில் உழைத்து வளர்ந்த அப்பெரியவர் பாட, புகழின் உச்சியிலிருந்த வெள்ளை இளைஞர்கள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். கடனைக் கடனென்று ஒப்புக்கொண்ட ஆண்டைவிடச் சிறந்த ஆண்டு எது?

பொல்லாத ஆண்டு எது? 1969 என்பேன். ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமைதியாகக் கூடினர் என்பது மெய்யே. ஆயின், டிசம்பர் 6-ல் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் திடலில் அதே ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருக்க, காவலுக்கு நின்ற மோட்டார் சைக்கிள் முரடர் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனால் 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் குத்துண்டு மாண்டார். எவர் பாட்டால் மேடை எழுந்ததோ, அவர் இனத்துப் பிள்ளை அம்மேடையின் அருகிலேயே சாய்ந்தான். இது நிகழ்ந்தது வறட்சியிலன்று, செல்வம் கொழித்த காலத்திலே.

ரப்பர் மரம் ஆண்டுதோறும் இலை உதிர்க்கும். பால் குறையும். பட்டுப்போயிற்று என்று எவரும் அதை வெட்டிச் சாய்ப்பதில்லை, தளிர்க்குமென்று அறிவர். 1962-ம் அத்தகைய இலையுதிர் காலமே.

தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணியாகிய எனக்கு இன்னொரு கணக்கும் தோன்றுகிறது. எல்விஸ் 1954-ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் பாட்டை இயற்றியவர் ஆர்தர் குரூடப் என்னும் கறுப்பர். உரிமைத் தொகை உரியபடி வந்து சேராமல், வயற்கூலியாக உழைத்து, 1974-ல் மறைந்தார். ஆதலின், ஓர் ஆண்டைப் பொன்னென்று புகழுமுன், விளைச்சல் எவ்வளவு என்று மட்டும் கேளாதீர். விதைத்தவன் பெயர் அவ்வாண்டின் செக்ரோலில் ஏறியதா என்றும் கேளுங்கள்.