நானூறு கஜத்தில் திணறிய வலை

1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சுமார் 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்தது; திடீரென்று 40 பிட்டுக்கு இறங்கிவிட்டது. அதாவது நொடிக்கு ஐந்து எழுத்து. ஒரு பக்கத்தைத் தாளில் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

கம்பி அறுபடவில்லை. எந்தக் கணினியும் முடங்கவில்லை. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சனும் பெர்க்லி யூனிக்ஸைப் பராமரித்துவந்த மைக் கேரல்ஸும் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் இருந்த, தரவை அனுப்பும் டிசிபி நிரலைக் குடைந்து பார்த்தார்கள். பதில் வரத் தாமதமானால், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று எண்ணிக் கணினி மறுபடி அனுப்பும். தாமதத்துக்குக் காரணமே நெரிசல். மறுபடி அனுப்பினால் நெரிசல் இன்னும் கூடும். ஒவ்வொரு கணினியும் தனக்கு எழுதிவைத்தபடியே நடந்துகொண்டது, எல்லாம் சேர்ந்து வலையை அடைத்தன. கெர்னலின் வலைப் பகுதியில் பொல்லாத பிழைகள் இந்த வகைதான். ஒரு பெட்டியைப் பிரித்துத் தேடினால் அகப்படாது.

1988 ஜூனில் வெளிவந்த 4.3 பிஎஸ்டி டாஹோவில் திருத்தம் வந்தது. மெதுவாகத் தொடங்கு, பதில் வர வர வேகத்தைக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் உடனே அடங்கிப்போ. இன்றைய இணையமும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது.

 

இந்தத் திருத்தத்தைப் பற்றி ஜேக்கப்சன் கட்டுரை வாசித்த 1988 சிக்காம் மாநாட்டில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்த கே. கே. ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் வேறொரு வழியை முன்வைத்தார்கள். இருவரும் அப்போது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தார்கள். பாக்கெட் தொலையும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? வரிசை நீளும்போதே ரௌட்டர் ஒரு பிட்டை மாற்றிவைத்து எச்சரிக்கலாமே! இதன் முதிர்ந்த வடிவம்தான் இசிஎன். ராமகிருஷ்ணன், சாலி ஃபிளாய்ட், டேவிட் பிளாக் மூவரும் எழுதிய இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 3168 ஆக 2001இல் வந்தது.

அந்த ஆண்டு ஜனவரியிலேயே லினக்ஸ் 2.4 கெர்னலில் இசிஎன் இடம்பெற்றுவிட்டது. வந்தது வம்பு. புதிய பிட்டுகளைக் கண்ட பழைய ஃபயர்வால்கள் இணைப்பையே துண்டித்தன. சில தளங்கள் லினக்ஸ்காரர்களுக்கு மட்டும் திறக்கவில்லை. தவறு ஃபயர்வாலில், திட்டு கெர்னலுக்கு. பின்னாளில் லினக்ஸ் ஒரு சமரசத்துக்கு வந்தது: எதிர்முனை கேட்டால் இசிஎன்னுக்கு இசையும், தானாகக் கேட்காது. 2015இல் ஆப்பிள் தன் கருவிகளில் அதை இயக்கப்போவதாக அறிவித்த பிறகே நிலைமை இளகியது.

இதற்கிடையில் நினைவகம் மலிவாகி, ரௌட்டர் செய்தவர்கள் பாக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபரைக் கணக்கில்லாமல் பெருக்கினார்கள். பாக்கெட் தொலையவில்லை, ஆனால் வரிசையில் கிடந்து ஊறியது. மரக்காணம் உப்பளங்களில் நீர் பாத்தியில் தேங்கினால்தான் தொழில். ரௌட்டரில் அதே தேக்கம் நோய். 2010 வாக்கில் நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இந்த நோயை ஊரறியச் செய்தார். மருந்துகளில் ஒன்று, வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் 'பை' (PIE) என்ற முறை. சிஸ்கோவில் விஜய் சுப்பிரமணியனும் மைதிலி பிரபுவும் எழுதிய அதன் நிரல் 2014இல் லினக்ஸ் 3.14இல் சேர்ந்தது.

மூன்றாண்டு கழித்து, 2017இல், பையின் முறையை விவரிக்கும் ஆர்எஃப்சி 8033 வெளியானது. அதற்கும் கெர்னலில் இருந்த நிரலுக்கும் முழுப் பொருத்தம் இல்லை. இதைச் சரிசெய்யும் வேலையைக் கையிலெடுத்தது சூரத்கல் என்ஐடி. பேராசிரியர் மோஹித் தஹிலியானியும் அவர் மாணவர்களும். 2019இல் போன திருத்தங்களில் சில பார்வைக்கு அற்பமானவை: இலக்குத் தாமதம் 20 மில்லி நொடியிலிருந்து 15 ஆனது, கணக்கைப் புதுப்பிக்கும் இடைவெளி 30இலிருந்து 15. ஓர் எண்ணை மாற்றுவதா பெரிய வேலை என்று தோன்றும். அந்த எண்ணை வைத்துத்தான் எந்தப் பாக்கெட்டைக் கைவிடுவது என்று கெர்னல் முடிவெடுக்கிறது.

2020இல் லினக்ஸ் 5.6 வந்தபோது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை தரும் 'எஃப்க்யூ-பை'யும் அதே குழுவின் கையால் உள்ளே போனது. ஆனால் கெர்னலில் இருந்தால் மட்டும் போதாது. ரௌட்டரை விற்ற நிறுவனம் புதிய கெர்னலை ஏற்றி, யாராவது அதை இயக்கியும் வைத்தால்தான் வீட்டு இணைப்பில் வித்தியாசம் தெரியும்.