பட்டாபிராமில் குழந்தைக் காப்பகம்

பட்டாபிராம், ஆவடி மாநகராட்சிக்கு உட்பட்ட சென்னையின் மேற்குப் புறநகர். சென்ட்ரல்–அரக்கோணம் ரயில் பாதையில் உள்ளது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளுக்கும் நகருக்குள்ளும் வேலைக்குப் போய்வருவோர் இங்கே நிறைய. தாய், தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி, பக்கத்து வீட்டுப் பெண், மாதச் சம்பள ஆயா அல்லது ‘டே கேர்’ எனப்படும் தனியார் காப்பகம்.

அரசின் ஏற்பாடுகளில் பழையது அங்கன்வாடி. பால்வாடி என்ற பெயர் இன்னும் புழங்குகிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் பிறந்தது இது. சத்துணவும் முன்பருவக் கல்வியும் தருவதில் அதன் பணி பெரிது. ஆனால் கைக்குழந்தையை நாள் முழுக்க வைத்துக்கொள்ள அது அமைக்கப்படவில்லை. இக்குறையைத் தீர்க்க வந்த ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள் காப்பகம் நடத்தச் சொல்கிறது. எட்டு மணி நேர வேலையோடு உணவு இடைவேளையையும் ரயில் பயணத்தையும் கூட்டினால் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். அந்த மிச்ச நேரத்துக்குத்தான் வழியில்லை.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் சேர்ந்த 11ஏ பிரிவு. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமை உண்டு. நல்ல சட்டம்தான். இருந்தும், காலை நெரிசலில் ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறுவது யாரால் முடியும்? வேலையிடத்துக் காப்பகம் புறநகர்த் தாய்க்கு எட்டாமல் போவது இதனால்தான்.

2024 நவம்பரில் இங்கே திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்கா இந்த நிலையை ஓரளவு மாற்றக்கூடும். அலுவலகமே ஊருக்குள் வந்திருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தவும் சட்டம் இடம்தருகிறது.

சிறு பட்டறை, கடை, வீட்டு வேலை ஆகியவற்றில் இருப்போருக்கு அந்த 50 பேர் கணக்கு உதவாது. காலை ஏழு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும் பொதுக் காப்பகம் ஒன்றை ரயில் நிலையத்தை ஒட்டி மாநகராட்சியே நடத்த வேண்டும்.