ரெண்டு மாசச் சம்பளமும் ஒரு வைர மோதிரமும்

நிச்சயதார்த்தம்னா மோதிரம். மோதிரம்னா வைரம். வைரம்னா ரெண்டு மாசச் சம்பளம். ஐடி வட்டாரத்துல இப்படி ஒரு சூத்திரம் உலாவுது. வர்ற தை மாசம் எனக்கு நிச்சயதார்த்தம் (வாழ்த்துகளைப் பின்னூட்டத்துல கொட்டலாம், தப்பே இல்லை :-)), அதனால நாலு பேர் இதை எனக்கும் உபதேசிச்சாச்சு.

பொட்டி தட்டுறவனுக்கு ஒரு வியாதி உண்டு மக்களே. ஒரு நம்பரைப் பார்த்தா இதை யாரு, எப்போ, எதுக்கு உள்ளே சொருகினாங்கன்னு தேடாம தூக்கம் வராது. ரெண்டு மாசம்னு யார் முடிவு பண்ணினது? தோண்ட ஆரம்பிச்சேன். போய் நின்ன இடம் தென்னாப்பிரிக்காவில் ஒரு பெரிய பள்ளம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் உலகத்து வைரத்தில் பெரும்பகுதி நம்ம நாட்டிலிருந்துதான் போச்சு. கிருஷ்ணா நதிப் படுகையில் கிடைச்சது, கோல்கொண்டா பேரில் விலை போச்சு. 1720களில் பிரேசில் சேர்ந்துக்கிட்டது. அப்பவும் வைரம் ராஜா வீட்டுச் சமாச்சாரம்தான். 1477-ல் ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன், பர்கண்டியின் மேரிக்குப் போட்ட வைர மோதிரத்தைத்தான் நிச்சயதார்த்த வைர மோதிரங்களுக்கெல்லாம் மூத்ததுன்னு வழக்கமா சொல்லுவாங்க. சாமானியனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

1867-ல் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு நதிப் பக்கம், ஹோப்டவுன் கிட்ட ஒரு பையன் விளையாட்டா எடுத்து வெச்சிருந்த கல் வைரம்னு தெரிய வந்தது. 1871-ல் டி பீர் என்ற சகோதரர்களின் பண்ணை நிலத்திலேயே வைரம் கிடைக்க, ஊரே திரண்டு வந்து தோண்டிச்சு. அதுதான் கிம்பர்லி. 1914-ல் மூடுறதுக்குள்ள அந்த ஒரு பள்ளத்திலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 2,700 கிலோ வைரம் எடுத்திருக்காங்க. காரட் இல்லீங்க, கிலோ!

வியாபாரிகளுக்கு வயித்துல புளி கரைச்சது இங்கேதான். அபூர்வம்னு விக்கிற பொருள் கூடை கூடையா வந்தா விலை என்னாகும்? 1888-ல் செசில் ரோட்ஸ் சுரங்கங்களை ஒண்ணு சேர்த்து ஒரு கம்பெனி ஆக்கினார். பேர் டி பீர்ஸ். அந்தச் சகோதரர்களுக்கு மிஞ்சினது நிலம் வித்த காசும், கம்பெனியில் ஒட்டிக்கிட்ட பேரும்தான். பள்ளத்துல இறங்கின கறுப்பினத் தொழிலாளிகளை ஒப்பந்தம் முடியுற வரைக்கும் வேலி போட்ட கொட்டடிக்குள்ள அடைச்சு வெச்சாங்க. வெளியே விட்டா கல்லைக் கடத்திடுவாங்களாம். விளம்பரத்துல பளபளக்கிற கல்லோட பின்கதை இது.

வரத்தைக் கட்டுப்படுத்தியாச்சு. தேவையை யார் உண்டாக்குறது? 1930களின் பொருளாதார மந்தத்தில் வைரத்தைச் சீண்ட ஆளில்லை. 1938-ல் கம்பெனி முதலாளியின் மகன் ஹாரி ஓப்பன்ஹைமர் நியூயார்க் போய் என்.டபிள்யூ.அயர் என்ற விளம்பர நிறுவனத்தைப் பார்த்தார். அமெரிக்காவின் ஏகபோகத் தடைச் சட்டங்களால் டி பீர்ஸ் அங்கே நேரடியா கடை விரிக்க முடியாத நிலை. அதனால 'எங்க வைரத்தை வாங்குங்க'ன்னு விளம்பரம் செய்யலை. 'காதல்னா வைரம்' என்ற எண்ணத்தையே வித்தாங்க. சினிமா நடிகைகள் விரலில் மோதிரம், பத்திரிகைகளில் அதைப் பத்திச் செய்தி, பள்ளிக்கூடங்களில் மாணவிகளுக்கு வைரத்தைப் பத்தி உரை. ஆமாங்க, பள்ளிக்கூடத்துல!

1947-ல் அயரில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் கெரட்டி என்ற பெண்மணி ஒரு வரி எழுதினார். 'வைரம் என்றென்றைக்கும்.' 1999-ல் அமெரிக்க விளம்பரத் துறைப் பத்திரிகை ஒண்ணு அதை நூற்றாண்டின் சிறந்த விளம்பர வாசகம்னு தேர்ந்தெடுத்தது. எழுதின கெரட்டி கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலை.

நான் தேடிப்போன நம்பர் 1980களின் அமெரிக்க விளம்பரங்களில் கிடைச்சது. ரெண்டு மாசச் சம்பளம் ஒண்ணும் பெரிசில்லையேன்னு கேட்டாங்க. ஜப்பான்காரங்களுக்கு அதே விதி மூணு மாசம்! 1967-ல் அங்கே வைர நிச்சயதார்த்த மோதிரம் போட்ட பெண்கள் நூத்துக்கு அஞ்சு பேர் கூட இல்லை. 1981-ல் சுமார் 60 பேர். பதினாலே வருஷத்துல ஒரு 'பாரம்பரியம்' ரெடி.

'எல்லாமே விளம்பர மாயை'ன்னு தீர்ப்பு எழுதி முடிச்சிருப்பேன். விட்டிருக்கலாம், விடலை. இன்னொரு விஷயம் கண்ணுல பட்டது. அந்தக் கால அமெரிக்காவில் நிச்சயம் பண்ணிட்டு ஒருத்தன் கழண்டுக்கிட்டா, அந்தப் பெண் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். 1935-ல் இந்தியானா மாநிலம் அந்த உரிமையை ரத்து பண்ணிச்சு, பல மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. மார்கரெட் பிரினிக் என்ற சட்டப் பேராசிரியை 1990-ல் ஒரு கட்டுரையில் சொன்னது இது: சட்டம் கைவிட்ட இடத்தில்தான் மோதிரம் வந்து உட்கார்ந்தது. அவன் ஓடிப்போனாலும் விலை உயர்ந்த பொருள் ஒண்ணு அவள் கையில் மிஞ்சும். விளம்பரம் சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடியே வைர விற்பனை ஏற ஆரம்பிச்சிருந்தது என்பது அவர் வாதம்.

என்னை யோசிக்க வெச்சது இதுதான். நிச்சயமாகி நின்னுபோன கல்யாணத்துல யார் ஊர்ப்பேச்சு வாங்குவாங்கன்னு நமக்குத் தெரியாதா? பயம் நிஜம். அந்தப் பயத்துக்கு மருந்து இந்தக் கல்தான்னு சொன்னதுதான் வியாபாரம்.

மருந்து சரியானதான்னும் பார்ப்போம். நம்ம வீடுகளில் நகை என்பது பாதி வங்கி. அம்மாவோட வளையல் என் செமஸ்டர் ஃபீஸுக்காக அடகுக்கடைக்குப் போய்ப் போய் வந்திருக்கு. தங்கத்துக்கு அன்னிக்கு ரேட் உண்டு. செய்கூலி சேதாரம் போனாலும் மிச்சம் கைக்கு வரும். வைரத்தைத் திருப்பி விக்கப் போனா போட்ட காசில் பாதி தேறுறதே பெரும்பாடு. 'என்றென்றைக்கும்' என்ற வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு: தயவுசெஞ்சு இதைத் திரும்பச் சந்தைக்குக் கொண்டு வந்துடாதீங்க, விலை விழுந்துடும்!

போதாக்குறைக்கு 1954-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் செயற்கையா வைரம் செஞ்சாச்சு. 2018-ல் டி பீர்ஸே லைட்பாக்ஸ் என்ற பேரில் ஆய்வக வைரம் விக்க வந்தது, காரட் 800 டாலர். 2025-ல் அந்தக் கடையை மூடப் போறதா அறிவிச்சிட்டாங்க. ஆய்வகக் கல் விலை அந்த அளவுக்கு இறங்கிப் போச்சு.

கடைசியா ஒரு தகவல். டி பீர்ஸுக்காகச் செஞ்ச ஒரு ஆய்வில் பெண்கள் சொன்னாங்களாம்: வாங்குறதுக்கு முன்னாடி எங்ககிட்டக் கேட்டா, செலவை நினைச்சு வேணாம்னுதான் சொல்லுவோம். ஒளிச்சு வெச்சு நீட்டுற 'சர்ப்ரைஸ்' விளம்பரங்களுக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும்னு இப்போ புரியுதா?

அதனால நான் சர்ப்ரைஸ் கொடுக்கலை. வருங்காலத் தங்கமணிக்கு ஃபோன் போட்டு மொத்த வரலாற்றையும் ஒப்பிச்சிட்டு, என்ன வேணும்னு கேட்டேன். பொறுமையா கேட்டுட்டு, "தினமும் பஸ்ல போறேன், கீபோர்டு தட்டுறேன், தூக்கிக்கிட்டு நிக்கிற கல் எதுக்கு? பட்டை மோதிரம் போதும். ஆனா உங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு. என் கையில மட்டும் அடையாளம் எதுக்கு?"ன்னாங்க.

சொல்ல மறந்துட்டேனே. 1926-ல் அமெரிக்க நகைக்காரங்க ஆம்பளைங்களுக்கும் நிச்சயதார்த்த மோதிரம்னு ஒரு விளம்பரப் போர் நடத்தினாங்க. படுதோல்வி. ஒருத்தனும் போட்டுக்கலை. அவ்வளவு பணம் கொட்டியும் நடக்காத காரியம் இங்கே ஒரு ஃபோன் காலில் முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை போய் ரெண்டு பேரும் விரல் அளவு கொடுத்துட்டு வந்தோம்.