பத்திரைக்குப் போக்கிடம் இல்லை

குண்டலகேசியில் எஞ்சியவை 19 பாடல்களே. கதையை நீலகேசி உரைதான் காத்துத் தந்தது. பௌத்தக் காப்பியத்துக்குச் சமண நூல் துணை! ஊடலில் ‘நீ கள்வன்தானே’ என்ற பத்திரையை, கணவன் காளன் மலையுச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்த்தான். வலம்வந்து வணங்குவதாகச் சொல்லி அவளே அவனைத் தள்ளிவிட்டாள். வேறு போக்கிடம் ஏது?

நம் காலச் சட்டமும் அதை வெகுநாள் யோசிக்கவில்லை. 1983-ல் வந்த 498-ஏ பிரிவு கொடுமைக்காரக் கணவனைத் தண்டித்தது, சரி. அன்றிரவு அவள் எங்கே படுப்பாள்?

2005-ல் இயற்றி, 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டமே அதற்குப் பதில் சொன்னது. சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும், முறைப்படியன்றி அவளை வெளியேற்றக் கூடாது. தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே மனுப் போடலாம். பிறந்தகம் தொலைவிலுள்ள நம் பெண்களுக்கு இது பெரிய விஷயம். பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் பாயாது.